மஞ்சளும் வாய் வெண்திட்டும்

தமிழர் இல்லங்களில் மங்கல நிகழ்ச்சி எதுவாயினும் முதலில் வைக்கப்படுவது தாம்பாளம். அதில் வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும், அவற்றை ஒட்டியே மஞ்சட்கிழங்கும் இருக்கும். நிச்சயதார்த்தம் முதல் வளைகாப்பு வரை இம்மூன்றும் பிரிந்து காணப்படுவது அரிது. ஒரே தாம்பாளத்தில் உறவாடும் இப்பொருள்களுள் பாக்கு வாய்ப்புற்றை விளைவிக்க வல்லது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது. மஞ்சளோ, அப்புற்றின் முற்குறியாகத் தோன்றும் வெண்திட்டை ஆற்ற வல்லதா என்ற கேள்வியோடு மருத்துவ அறிஞர்களின் ஆராய்ச்சிக்கூடத்திற்குள் புகுந்தது. அக்கேள்வி எழுந்த வரலாறும், அதற்குக் கிடைத்த விடையும் வெற்றிலை போடும் மக்கள் அனைவருக்கும் உரியவை.

வாய்ப்புற்று ஒரே நாளில் தோன்றுவதன்று. கன்னத்தின் உட்புறத்திலோ, நாவின் ஓரத்திலோ, ஈற்றின் மேலோ முதலில் வெள்ளைத் திட்டு ஒன்று படரும். துணியால் துடைத்தாலும் அது போகாது. வலி இராது, எரிச்சலும் பெரும்பாலும் இராது. ஆதலால் அதனை உடையவரே அதனை அறியார். 1870-ஆம் ஆண்டில் ஆங்கில அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், நாவில் இத்தகைய தடிப்பு இருந்தோருக்குப் பின்னர் புற்று உண்டானதைக் கண்டு எழுதினார். 1877-இல் ஹங்கேரி நாட்டுத் தோல் மருத்துவர் ஷ்விம்மர் அதற்கு 'லூக்கோபிளேக்கியா' என்று பெயரிட்டார். 'வெண்திட்டு' என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஐரோப்பாவில் அது புகைக்குழாய் பிடிப்போரின் நோயாகக் கருதப்பட்டது. தென்னாட்டிலோ அதன் தோற்றுவாய் வேறு.

நெய்யூர் காட்டிய உண்மை

நாகர்கோயிலுக்கு அண்மையில் உள்ள நெய்யூர், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்த தமிழூர். இலண்டன் மிஷன் சங்கத்தார் அங்கு நடத்திய மருத்துவமனை, தென் திருவிதாங்கூர் மக்களுக்குப் பெருந்துணையாக விளங்கியது. எவரெஸ்டு மலையேற்றக் குழுக்களில் 1922-லும் 1924-லும் இடம்பெற்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், புகழையும் இலண்டனில் கிடைத்திருக்கக்கூடிய உயர்பதவியையும் விட்டுவிட்டுத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது அம்மருத்துவமனையிலேயே.

நெய்யூருக்கு வந்த நோயாளிகளிடையே வாய்ப்புற்று வியக்கத்தக்க அளவில் மிகுந்திருந்தது. அங்குப் பணியாற்றிய பென்டால் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்புரை ஒன்றை 1908-இல் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1933-இல், ஐ. எம். ஓர் என்பார் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றையே தனிப்பொருளாகக் கொண்டது. இன்னாருக்கு நோய் வருகிறது என்று பொதுப்படச் சொல்லிவிட்டு நிற்காமல், அவர்கள் எதை மென்றனர் என்று விசாரித்ததே அக்கட்டுரையின் சிறப்பு. வெற்றிலை போடுவோர் சுருளை எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பரோ அந்தக் கன்னத்திலேயே புண் தோன்றுவதை நாட்டு மருத்துவமனைகளிற் பணியாற்றியோர் பலரும் கண்டிருந்தனர். நோய்க்கும் பழக்கத்துக்கும் உள்ள உறவுக்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

கடல் கடந்து வந்த தமிழர், வெற்றிலைப் பெட்டியையும் உடன்கொண்டே வந்தனர். ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும் பெண்டிர், மடியில் வெற்றிலையும் பாக்கும் புகையிலைத் துண்டும் முடிந்து செல்வது பழக்கம். பசியை அடக்கவும் களைப்பை மறக்கவும் அது உதவியது. அதன் விலை பிற்காலத்திற்றான் தெரிந்தது. 1960-ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. சிங்கப்பூரில் பணியாற்றிய மியூர், கர்க் ஆகிய இருவரும் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகியவற்றின் தொடர்பைப் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் ஆராய்ந்தனர். மார்ஸ்டன் என்பார் மலாயாவின் 'வெற்றிலைப் புற்று' பற்றி மலாயா மருத்துவ இதழில் எழுதினார். 1968-இல் சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பதிவேடு ஏற்பட்டபோது அதனைத் தோற்றுவித்தவர் நோய்க்கூற்றியல் பேராசிரியர் சண்முகரத்தினம் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. மலேசியாவில் 1993, 1994-ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வாய்நோய்க் கணக்கெடுப்பு நடந்தபோது, புற்றின் முற்குறிகள் இந்தியரிடையே மிகுந்து காணப்பட்டன.

ஐம்பதினாயிரம் வாய்கள்

மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணினால் முழு உண்மை விளங்காது. வந்தவர் நோய் முற்றியவர். வாராதவர் கணக்கில் இல்லை. இக்குறையை நீக்க முற்பட்டவர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பல் மருத்துவ அறிஞர் ஃபாலி மேத்தா. டென்மார்க்கு நாட்டு அறிஞர் பின்ட்பொர்க் அவருக்குத் துணை நின்றார். 1966 முதல் 1969 வரை எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர், தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து மாவட்டச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று 50,915 மக்களின் வாய்களைத் திறந்து பார்த்தனர். அவர்களுள் மூன்று மாவட்டத்தாரைப் பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்தும் கண்காணித்தனர். புதிதாகப் புற்றுற்றோர் அனைவரும் புகையிலைப் பழக்கம் உடையோர். ஏறக்குறைய அனைவருக்கும் புற்று வருமுன் திட்டு முதலிய முற்குறிகள் இருந்தன. இது 1980-இல் வெளியாயிற்று.

இதன் பொருள் பெரிது. கொலைகாரன் வருமுன் கதவைத் தட்டுகிறான் என்றால், தட்டும் ஓசை கேட்டபோதே தடுக்க வழி உண்டு அல்லவா? வெண்திட்டைக் கரைக்கும் மருந்து ஒன்று கிடைத்தால் புற்றையே தடுத்துவிடலாம் என்னும் நம்பிக்கை இங்குதான் பிறந்தது.

வெண்திட்டோடு மற்றொரு நோயையும் குறிப்பிடல் வேண்டும். 1952-இல் கீனியாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் ஷ்வார்ட்ஸ் என்பார் புதுநோய் ஒன்றைக் கண்டார். கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகி, வாய் திறக்க முடியாமற் போகும். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி என்பார் அதனை விரித்துரைத்தார். பாக்கில் உள்ள அரிக்கோலின் என்னும் பொருள் நார்த்திசுவை மிகுதியாக வளரச் செய்கிறது என்பது பின்னர் தெளிந்தது. புகையிலை சேராத தாம்பூலம் தீங்கற்றது என்று பலர் ஆறுதல் கொண்டிருந்தனர். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-இல் புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைவிப்பது என்று கூறியபோது அந்த ஆறுதலுக்குச் சிறிது இடம் இருந்தது. 2004-இல் வெளியான அறிக்கையில் புகையிலை சேராத தாம்பூலமும், தனிப்பாக்குங்கூட அவ்வாறே என்று அந்நிறுவனம் தீர்ப்பளித்தபின் அந்த இடமும் போயிற்று.

மஞ்சளின் நிறப்பொருள்

இனி மஞ்சளின் கதை. புண்ணுக்கு மஞ்சள் பூசுவதும், தொண்டைக்கட்டுக்கு மஞ்சட்பால் அருந்துவதும் சித்த மருத்துவ நூல்களை அறியாத பாட்டிமாருக்கும் கைவந்த மருத்துவம். ஐரோப்பியர்க்கு மஞ்சள் முதலில் சாயப்பொருளாகவே அறிமுகமாயிற்று. 1815-ஆம் ஆண்டில் பிரான்சில் வோகல், பெல்லத்தியே ஆகிய இருவரும் கிழங்கிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்துக் குர்க்குமின் என்று பெயரிட்டனர். இதே பெல்லத்தியேதான் 1820-இல் கவந்தூ என்பாருடன் சேர்ந்து சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தவர். அக்கொயினா மலாயாத் தோட்டங்களில் எத்தனை தமிழர் உயிரைக் காத்தது என்பதை எண்ணினால், இவ்வறிஞரின் பெயரைத் தமிழர் அறியாதிருப்பது நன்றன்று. குர்க்குமினின் அணுக்கட்டமைப்பு 1910-இல் மிலோபெட்ஸ்கா, கோஸ்தனெட்ஸ்கி, லாம்பே ஆகியோரால் தெளிவாக்கப்பட்டது. 1937-இல் ஓப்பன்ஹைமர் என்பார் பித்தப்பை நோய்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்தார். 1949-இல் அது நுண்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வந்தது.

இப்பொருளின் இயல்பைத் தமிழர் வேறொரு வகையில் முன்பே அறிந்திருந்தனர். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் செந்நிறம் உண்டாகும். ஆரத்தி நீரும் குங்குமமும் அவ்வாறு ஆனவையே. வேதியியல் அறிஞர் இதையே, குர்க்குமின் காரத்தில் நிறம் மாறும் என்று கூறுவர். காரத்தில் அது நிலைத்து நில்லாது, விரைவிற் சிதைந்தும் போகும் என்பதையும் அவர்கள் கண்டனர். சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை நாள்முழுதும் மெல்லும் வாயில் மஞ்சளின் சத்து எத்துணை நேரம் நிற்கும் என்பது எண்ணிப்பார்க்க வேண்டியதே.

புற்றுநோய்க்கும் மஞ்சளுக்கும் முடிச்சுப் போட்ட முயற்சிகளுள் முன்னோடியானது கேரளத்தில் திருச்சூர் அமலா புற்றுநோய் மருத்துவமனையில் நடந்தது. இராமதாசன் குட்டனும் அவர்தம் குழுவினரும் 1985-இல் மஞ்சட்சாறு புற்றணுக்களை அடக்குவதை ஆய்வுக்கூடத்தில் கண்டு எழுதினர். 1987-இல் வெளிப்புறத்தே புற்றுப்புண் உடைய 62 நோயாளிகளுக்கு மஞ்சட்சாற்றையும் குர்க்குமின் களிம்பையும் பூசிப் பார்த்ததை வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் புண்ணின் நாற்றம் குறைந்தது. அரிப்பு ஏறத்தாழ எல்லோருக்கும் தணிந்தது. எழுபது விழுக்காட்டினருக்குப் புண் உலர்ந்தது. புண்ணின் அளவு குறைந்ததோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கே. மஞ்சளின் வலிமையும் எல்லையும் அந்த முதற்கட்டுரையிலேயே அடங்கியுள்ளன எனலாம். பிற்காலத்தில் மஞ்சளைப் போற்றி எழுதியோர் தொண்ணூறை எடுத்துக்கொண்டனர், பத்தை மறந்தனர்.

பின்னர் பம்பாயில், கன்னம் இறுகும் நோயுடையோர்க்கு மஞ்சள் எண்ணெயும் மஞ்சட்பிசினும் கொடுத்துச் சோதித்தனர். வாயின் உயிரணுக்களில் கேட்டின் அடையாளமாகத் தோன்றும் சிறு கருக்கள் குறைந்தன என்று 1997-இல் தெரிவித்தனர். அதே ஆண்டில் மஞ்சள் உலகச் செய்தியாயிற்று. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இருவருக்குப் புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கென்று 1995-இல் அமெரிக்கா வழங்கியிருந்த காப்புரிமையை எதிர்த்து, இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-இல் வழக்காடியது. பழைய நூல்களையும் இதழ்களையும் சான்றாகக் காட்டியதன் பயனாக 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. பாட்டி வைத்தியம் நீதி பெற்ற நாள் அது. ஆயினும் அவ்வழக்கு முடிவு செய்தது, மஞ்சளைப் புண்ணுக்கு இடும் வழக்கம் யாருடையது என்பதை மட்டுமே. அது புற்றைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி.

மருந்தை நாடிய வேறு வழிகள்

மஞ்சளுக்கு முன் மருத்துவர் நாடியது வைட்டமின் ஏ. 1986-இல் அமெரிக்காவில் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றை வெண்திட்டுடையோர்க்குக் கொடுத்தபோது மூவரில் இருவருக்குத் திட்டுச் சுருங்கியது. மருந்தை நிறுத்தியதும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்று திங்களுக்குள் அது மீண்டும் வந்துவிட்டது. மருந்தின் தீயவிளைவுகளும் கடுமையாயிருந்தன. கேரளத்திலும் வைட்டமின் ஏ சோதிக்கப்பட்டது. திட்டு முற்றும் மறைந்தவர் பலர் இருந்தும், மருந்து நின்றபின் அவருள் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது திரும்பியது. தீங்கு செய்யாததும், மலிவானதும், நெடுநாள் உட்கொள்ளத்தக்கதுமான பொருள் ஒன்று வேண்டும் என்ற நிலையில் மஞ்சளின் மேல் கண் சென்றது இயல்பே.

2001-இல் தைவான் நாட்டு மருத்துவர், பல்வகை முற்குறிகள் உடைய 25 பேருக்குக் குர்க்குமினை மூன்று திங்கள் கொடுத்தனர். நாளொன்றுக்கு 8 கிராம் வரை தீங்கு காணப்படவில்லை. 12 கிராமை விழுங்க நோயாளிகளால் இயலவில்லை. அத்துணைப் பெரிய அளவு. அவர்களுள் வாய் வெண்திட்டு உடையோர் எழுவர். இருவருக்கு நுண்காட்டியில் முன்னேற்றம் தெரிந்தது. ஒருவருக்கோ சோதனைக் காலத்திலேயே திட்டு புற்றாக மாறிவிட்டது. இருவர் முன்னேறியதை மட்டும் கூறி, அந்த ஒருவரைக் கூறாமல் விடும் கட்டுரைகள் இன்றும் உலவுகின்றன.

எழுவரைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து பெறுவார் ஒரு பிரிவும், மருந்துபோலத் தோன்றும் வெற்றுக்குளிகை பெறுவார் ஒரு பிரிவுமாகப் பிரித்து, யார் எதைப் பெறுகின்றனர் என்பது நோயாளிக்கும் தெரியாமல், மருத்துவருக்கும் தெரியாமல் நடத்துவதே நம்பத்தக்க சோதனை. அத்தகைய பெருஞ்சோதனை ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. வாய்ப்புற்று அறுவை மருத்துவர் மோனி ஆபிரகாம் குரியாகோசும் அவர்தம் தோழர்களும் நடத்தி 2016-இல் வெளியிட்ட அச்சோதனையில் வெண்திட்டுடைய 223 பேர் பங்கு கொண்டனர். 111 பேருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்க்குமின், 112 பேருக்கு வெற்றுக்குளிகை. காலம் ஆறு திங்கள்.

குர்க்குமின் பெற்றவருள் 75 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 67 பேருக்கு, திட்டுச் சுருங்கியது. கேட்டார் மகிழத்தக்க செய்தி. ஆயின் வெற்றுக்குளிகை பெற்றவருள்ளும் 62 பேருக்கு, நூற்றுக்கு 55 பேருக்கு, அது சுருங்கியது! வெண்திட்டு தானாகவே ஏறி இறங்கும் இயல்பினது. மெல்லும் பழக்கத்தை விட்டோர் பலருக்குத் தானே மறைவதும் உண்டு. இரு பிரிவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று என்று கணிதம் கூறுகிறது. மஞ்சளுக்கு ஆற்றல் உண்டு. அது ஆறு பேருக்கு மருந்தளித்தால் ஐவர் பயன்பெறும் ஆற்றலன்று, எட்டுப் பேருக்கு அளித்தால் ஒருவர் கூடுதலாகப் பயன்பெறும் ஆற்றல்.

அடுத்தது இதனினும் இன்றியமையாதது. கண்ணுக்குத் தெரியும் திட்டு ஒன்று. அதனடியில் உயிரணுக்கள் கெட்டிருக்கும் நிலை மற்றொன்று. புற்றாக மாறுவது பின்னது. திட்டிலிருந்து சிறுதுண்டு எடுத்து நுண்காட்டியில் நோக்கியபோது இரு பிரிவாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கண்ணால் கண்டதையும் நுண்காட்டியில் கண்டதையும் ஒருங்கு சேர்த்து மதிப்பிட்டபோது மட்டும் குர்க்குமின் முன்நின்றது. ஆறு திங்களில் ஓரளவே குணமானோர்க்கு மருந்தை நீட்டித்தும் மேற்பயன் விளையவில்லை. திட்டு முற்றும் மறைந்தோர் குர்க்குமின் பிரிவில் 18 பேர். அவருள் 16 பேருக்கு அடுத்த ஆறு திங்களில் அது திரும்பவில்லை. வெற்றுக்குளிகைப் பிரிவில் முற்றும் மறைந்தோர் எண்மர், எழுவருக்குத் திரும்பவில்லை. மறைந்தவர் தொகையில் மஞ்சள் மேலோங்கியது உண்மை. மறைந்தது மறைந்தே நிற்பதில் இரண்டும் ஒன்றே. அதே 2016-இல் காக்ரேன் நிறுவனத்தார் வெண்திட்டு மருந்துகள் அனைத்தையும் பற்றி நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றுள் எதுவும் புற்றைத் தடுப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறினர்.

அடுப்படி மஞ்சளும் ஆய்வுக்கூட மஞ்சளும்

இச்செய்திகளைக் கேட்ட சிலர், குழம்பில் மஞ்சளைக் கூட்டினால் போதும் என்று எண்ணுவர். மஞ்சட்பொடியில் குர்க்குமின் இருப்பது எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரையே. மூன்று பங்கு என்று கொண்டால், சோதனையில் கொடுத்த 3.6 கிராமைப் பெற நாள்தோறும் 120 கிராம் பொடி வேண்டும். எந்தக் குடும்பத்தின் குழம்பும் அதைத் தாங்காது. உட்கொண்டதும் முழுவதும் உடலிற் சேர்வதில்லை. பெரும்பகுதி கழிவாக வெளியேறிவிடுகிறது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு உயர்ந்தது. மஞ்சட்பாலில் மிளகைத் தட்டிப்போடும் வழக்கத்தை இது நினைவூட்டும். ஆனால் கடையில் குப்பியில் அடைத்து விற்கும் மிளகுச்சத்து சேர்ந்த மஞ்சட்குளிகைகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியுள்ளன என்று 2022-இல் அமெரிக்க மருத்துவர் எச்சரித்தனர். உணவு வேறு, மருந்து வேறு.

மஞ்சளை ஆராய்ந்த அதே கேரளத்தில் வேறிரண்டு ஆராய்ச்சிகளும் நடந்தன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எர்ணாகுளத்தையும் உள்ளிட்ட மூன்று பகுதிகளில் புகையிலைப் பழக்கமுடைய 36,000 பேருக்கு, அதனை விடுமாறு நேரிலும் செய்தித்தாள், வானொலி, திரைப்படம் ஆகியவற்றின் வழியும் அறிவுரை கூறினர். ஐந்தாண்டுக்குப் பின் பழக்கத்தை விட்டோர் தொகை கூடியதையும், புதிதாக வெண்திட்டுத் தோன்றுவது குறைந்ததையும் 1986-இல் அறிவித்தனர். அடுத்தது திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கியது. மருத்துவர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் வீடுதோறும் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தனர். கருவி எதுவும் இல்லை. மருந்து எதுவும் இல்லை. ஐயத்துக்குரிய திட்டு இருப்பின் மருத்துவமனைக்கு அனுப்பினர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. நெய்யூர்க் கட்டுரை வெளிவந்ததும் அதே இதழில்தான். இடையே கடந்தவை 72 ஆண்டுகள்.